பாதி முகம் சிவந்த பெண்: ஹோர்னரின் 1869 நோயாளி வழியாகப் பரிவு நரம்பு மண்டலம்

பரிவு நரம்பு மண்டலம் என்றதும் பள்ளியில் படித்த ஒரே காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாய் துரத்துகிறது, நெஞ்சு படபடக்கிறது, கண்பாவை விரிகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, ஓடுகிறோம். அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915 வாக்கில் முன்வைத்த ‘சண்டையிடு அல்லது ஓடிவிடு’ விளக்கம் இது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதை மட்டும் படித்தவர்கள், ஆபத்து வரும்வரை இந்த நரம்புகள் சும்மா கிடக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவ மாணவர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. அதைக் கலைக்க, எந்த ஆபத்தும் இல்லாமல் மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் போதும்.

நோயாளி

யோஹான் ஃபிரீட்ரிஷ் ஹோர்னர் (1831–1886) ஜூரிச் நகரின் கண் மருத்துவர். ‘இமைச்சரிவின் ஒரு வகை பற்றி’ என்ற தலைப்பில் அவர் 1869இல் ஒரு ஜெர்மன் கண் மருத்துவ இதழில் சிறிய கட்டுரை எழுதினார். அதில் ஒரே ஒரு நோயாளிதான் வருகிறார்.

நாற்பது வயது விவசாயப் பெண். நடுத்தர உடல்வாகு, பார்வைக்கு ஆரோக்கியமானவர். ஓராண்டுக்கு முன்பு கடைசிப் பிரசவம். அதற்குப் பிந்தைய ஆறாவது வாரத்தில் வலது மேல் இமை லேசாகச் சரிவதைக் கவனித்திருக்கிறார். சரிவு மெல்ல மெல்லக் கூடி, பிறகு ஒரு நிலையில் நின்றுவிட்டது. ஹோர்னர் பார்த்தபோது இமையின் ஓரம் கண்பாவையின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் இமை முற்றிலும் செயலிழக்கவில்லை. ஏறி இறங்கத்தான் செய்தது. வலது கண்பாவை இடதைவிட நன்றாகச் சுருங்கியிருந்தது, வெளிச்சம் பட்டால் இன்னும் சுருங்கியது. கண் சற்று உள்வாங்கியது போலத் தெரிந்தது. விரலால் அழுத்திப் பார்த்தபோது இடது கண்ணைவிட மென்மையாக இருந்தது. பார்வையில் குறை இல்லை.

இதுவரை சாதாரணக் கண் மருத்துவக் குறிப்புதான். அடுத்து நடந்ததுதான் கட்டுரையின் உயிர். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் முகத்தில் வலது பாதி சிவந்து சூடேறியது. இடது பாதி வெளிறிக் குளிர்ந்தே இருந்தது. வலப்பக்கம் உப்பலாகவும் வறண்டும், இடப்பக்கம் ஒடுங்கியும் ஈரமாகவும் தெரிந்தன. சிவப்பின் எல்லை முகத்தின் நடுக்கோட்டில் சரியாக நின்றது. வலப்பக்கம் தனக்கு வியர்த்ததே இல்லை என்றும், இந்தச் சூடும் இமைச்சரிவும் கடந்த ஓராண்டில் வந்தவை என்றும் அவர் சொன்னார். ஹோர்னர் அதோடு விடவில்லை. இரு பக்கத்துக்கும் வெப்பமானி வைத்து அளந்தார். வலப்பக்கம் சூடு கூடுதல் என்பது எண்ணாகவே கிடைத்தது.

இமை சரிந்து வந்த ஒருவரின் கன்னத்தையும் வியர்வையையும் கவனித்து எழுதிய கண் மருத்துவரைப் பாராட்டத்தான் வேண்டும். கண்ணை மட்டும் பார்த்திருந்தால் பாதி விடை கைநழுவிப் போயிருக்கும்.

இமை சரிந்தால் கண்பாவை விரிய வேண்டாமா?

மேல் இமையை உயர்த்தும் முக்கியத் தசை லெவேட்டர். அதை இயக்குவது மூன்றாம் மூளை நரம்பு. கண்பாவையைச் சுருக்கும் எதிர்ப்பரிவு இழைகளும் (பரிவு நரம்புக்கு எதிர்த்திசையில் வேலை செய்பவை) அதே நரம்பில்தான் வருகின்றன. ஆகவே மூன்றாம் நரம்பு அடிபட்டால் இமை முழுக்கத் தொங்கும், கண்பாவை பெரிதாகும், கண் வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒதுங்கிவிடும். இந்தப் பெண்ணிடம் இருந்ததோ இதற்கு நேர்மாறான சேர்க்கை: அரைகுறைச் சரிவு, சிறிய கண்பாவை, நேராக நிற்கும் கண்.

லெவேட்டருக்கு அடியில் இன்னொரு சிறிய தசை இருக்கிறது. ஹைன்ரிஷ் மியூலர் 1858இல் விவரித்த மென்தசை அது. இமையை ஓரிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்கும். அதன் நரம்பு பரிவு நரம்பு. இந்தத் தசை தளர்ந்ததுதான் சரிவுக்குக் காரணம் என்று ஹோர்னர் சரியாகவே முடிவு செய்தார். கீழ் இமையிலும் இதே வகைத் தசை உண்டு. அதுவும் தளர்வதால் கீழ் இமை சற்று மேலேறும். இரண்டு பக்கமும் இடைவெளி குறுகுவதால்தான் கண் உள்ளே போனது போல ஒரு தோற்றம். ஹோர்னர் அதை உண்மையான உள்வாங்கல் என்றே எடுத்துக்கொண்டார். இன்று பெரும்பாலோர் அதைத் தோற்ற மயக்கம் என்கிறார்கள்.

பிறகு சொட்டு மருந்து. அட்ரோபின் விட்டபோது வலது கண்பாவை மெதுவாக, ஒழுங்கின்றி, அரைகுறையாக விரிந்தது. கலபார் விதைச் சாறு கண்பாவையை எளிதாகச் சுருக்கியது. கண்பாவையைச் சுற்றியுள்ள நிறவளையமான ஐரிஸில் இரண்டு தசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. வட்டமாக ஓடும் சுருக்குத்தசைக்கு எதிர்ப்பரிவு நரம்பு, ஆரம் ஆரமாக ஓடும் விரிதசைக்குப் பரிவு நரம்பு. அட்ரோபின் சுருக்குத்தசையைத்தான் செயலிழக்க வைக்கும். ஆனால் அதற்குப் பிறகு கண்பாவையை வெளிநோக்கி இழுக்க விரிதசை வேலை செய்தாக வேண்டும். இவர் கண்ணில் அது வேலை செய்யவில்லை. நரம்பின் செய்தியை உறுப்புக்குக் கொண்டுசேர்க்கும் வேதிக்கடத்திகள் என்ற கருத்தே இல்லாத காலத்தில் இவ்வளவு தெளிவான சோதனை என்பது வியப்புதான்.

நரம்பு போகும் சுற்றுவழி

மூளையிலிருந்து கண்ணுக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆனால் பரிவு நரம்பு அங்கே போவது நெஞ்சு வழியாக. இந்த விநோதத்தை முதலில் நிரூபித்தவர் பிரெஞ்சு மருத்துவர் பூர்ஃபூர் டு பெத்தி. கழுத்தில் ஓடும் இந்த நரம்பு மண்டையிலிருந்து கீழே இறங்குகிறது என்றே அதுவரை உடற்கூறியலர் எழுதிவந்தார்கள். அவர் நாய்களின் கழுத்தில் அதை வெட்டினார். பாதிப்பு வெட்டுக்கு மேலே, அதே பக்கக் கண்ணில் தெரிந்தது. அப்படியானால் நரம்பு கீழிருந்து மேலே போகிறது என்று 1727இல் வெளியிட்டார். வெட்டிப் பார்க்காமல், பிணத்தை அறுத்து மட்டும் பார்த்தவர்களுக்கு இது பிடிபட வாய்ப்பே இல்லை. இழையைப் பார்த்து அதன் திசையைச் சொல்ல முடியாதல்லவா.

இன்று தெரிந்த பாதை மூன்று நியூரான்களின் (நரம்புச் செல்களின்) தொடர். முதலாவது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸில் புறப்பட்டு, மூளைத்தண்டின் பக்கவாட்டில் இறங்கி, தண்டுவடத்தில் கழுத்தின் எட்டாம் பகுதிக்கும் மார்பின் இரண்டாம் பகுதிக்கும் இடையே முடிகிறது. பட்கே, வாலர் இருவரும் 1850களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த மையம் அது. இரண்டாவது நியூரான் அங்கிருந்து பெரும்பாலும் முதல் மார்பு நரம்பின் வேர் வழியே வெளியேறி, நுரையீரலின் உச்சியை உரசிக்கொண்டு, கழுத்துக்குக் கீழ் உள்ள ரத்தக்குழாயைச் சுற்றி மேலேறுகிறது. தாடைக்கோணத்தின் உயரத்தில், இரண்டாம் மூன்றாம் கழுத்து முள்ளெலும்புகளின் முன்னால் இருக்கும் மேல் கழுத்து முடிச்சில் (நரம்புச் செல்கள் திரண்ட இடம்) அது முடிகிறது. மூன்றாவது நியூரான் அந்த முடிச்சிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் உள் கரோட்டிட் தமனியைப் பற்றிக்கொண்டு மண்டைக்குள் நுழைகிறது. அங்கே கண்குழிக்குப் பின்னால் உள்ள கேவர்னஸ் குழியில் சற்று நேரம் ஆறாம் மூளை நரம்போடு பயணித்து, பிறகு ஐந்தாம் நரம்பின் கண் கிளையில் ஏறிக் கண்ணுக்குள் போகிறது.

இந்த நோயாளிக்கு முக்கியமான பிரிவு மேல் கழுத்து முடிச்சில் நடக்கிறது. கண்ணுக்கும் நெற்றியின் உள்ளோரச் சிறு பகுதிக்கும் போகும் இழைகள் உள் கரோட்டிட்டோடு போகின்றன. முகத்தின் மற்ற எல்லா இடத்துக்கும் வியர்வை இழைகளும் ரத்தக்குழாய் இழைகளும், முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் வெளிக் கரோட்டிட்டோடு பிரிந்துவிடுகின்றன.

கழுத்தில் இருப்பது ஒரு பெரிய அமைப்பின் மேல் நுனி மட்டுமே. தண்டுவடத்தின் பக்கக் கொம்பில், முதல் மார்புப் பகுதியிலிருந்து இரண்டாம் இடுப்புப் பகுதி வரைதான் பெரும்பாலும் பரிவு நியூரான்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் முடிச்சுச் சங்கிலியை அடைகின்றன. சங்கிலி மட்டும் மண்டையின் அடியிலிருந்து வால் எலும்பு வரை நீள்கிறது. அதனால் புறப்படும் இடம் குறுகியதாக இருந்தாலும் 31 ஜோடித் தண்டுவட நரம்புகளுக்கும் பரிவு இழைகள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. வயிற்று உறுப்புகளுக்கான இழைகள் சங்கிலியில் நிற்காமல் அதைத் தாண்டி, பெருந்தமனிக்கு முன்னால் உள்ள முடிச்சுகளில் இறங்குகின்றன. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிக்குப் போகும் இழைகளுக்கு இடையில் முடிச்சே கிடையாது. அந்தச் சுரப்பிச் செல்களே இழை நீளாத முடிச்சு நியூரான்கள் என்று சொல்லலாம். அவை தங்கள் அட்ரினலினை நேரே ரத்தத்தில் கொட்டுகின்றன.

வேதியியல் சுருக்கமாக: முடிச்சுக்குள் அசிட்டைல்கோலின், முடிச்சைத் தாண்டி உறுப்பில் நார்அட்ரினலின். நார்அட்ரினலின்தான் பரிவு நரம்பின் கடத்தி என்று 1946இல் காட்டிய உல்ஃப் ஃபான் ஆய்லர் 1970இல் நோபல் பரிசு பெற்றார். வியர்வைச் சுரப்பி மட்டும் விதிவிலக்கு. நரம்பு பரிவு நரம்புதான், கடத்தி அசிட்டைல்கோலின். அட்ரோபின் கொடுத்தால் தோல் வறண்டு போவது இதனால்தான்.

சேதம் எங்கே?

1869இல் எக்ஸ்ரே கிடையாது. ராண்ட்கன் அதைக் கண்டுபிடிக்க இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. ஆனால் ஹோர்னர் எழுதிவைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு நாம் கொஞ்ச தூரம் போகலாம்.

கண்ணும் பாதிக்கப்பட்டிருக்கிறது, முகத்தின் அந்தப் பாதி முழுவதும் வியர்க்கவில்லை. அப்படியென்றால் உள் கரோட்டிட், வெளிக் கரோட்டிட் என்று இழைகள் பிரியும் இடத்துக்கு மேலே சேதம் இருக்க முடியாது. அங்கே இருந்தால் நெற்றியோரத்தைத் தவிர முகம் வழக்கம்போல வியர்த்திருக்கும். ஆகவே முடிச்சிலோ அதற்குக் கீழேயோதான். மூளைத்தண்டிலோ தண்டுவடத்தின் மேல்பகுதியிலோ இருந்தால், முகத்தோடு அதே பக்கத்து உடம்பும் வியர்வையை இழப்பது வழக்கம். நடையிலும் உணர்விலும்கூட ஏதாவது கோளாறு தெரியும். அவர் ஆரோக்கியமாகவே இருந்தார். ஆக இரண்டாவது நியூரான் மீதுதான் என் சந்தேகம்: நெஞ்சு உச்சிக்கும் தாடைக்கும் இடையில் எங்கோ.

பிரசவத்துக்குப் பிறகு வந்தது என்றதும், இன்றைய மருத்துவர் ஒருவருக்குக் கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிவது உடனே நினைவுக்கு வரும். பிரசவத்தை அடுத்த வாரங்களில் அது நேர்வதுண்டு, ஹோர்னர் குறிகள் என்று இன்று அழைக்கப்படும் இதே இமைச்சரிவையும் சிறுத்த கண்பாவையையும் உண்டாக்கும். ஆனால் இங்கே பொருந்தவில்லை. அது திடீரென்று, பெரும்பாலும் கழுத்து வலியோ தலைவலியோ சேர்ந்து வரும். முகத்தின் வியர்வையைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். இவருக்கு வந்ததோ மாதக்கணக்கில் மெதுவாக ஏறிய சரிவு.

இன்னொரு முரணும் இருக்கிறது. இமைச்சரிவு ஓராண்டுக்குள் வந்தது, ஆனால் வலப்பக்கம் ‘வியர்த்ததே இல்லை’ என்கிறார் நோயாளி. இரண்டும் ஒரே சேதத்தின் விளைவு என்றால் இந்தக் கால இடைவெளி ஏன்? வியர்வை இழைகள் தண்டுவடத்திலிருந்து சற்றுக் கீழே, இரண்டாம் மார்பு நரம்பு தொடங்கி அதற்குக் கீழுள்ள வேர்கள் வழியாகவும் வருகின்றன. கண் இழைகள் பெரும்பாலும் முதல் வேரில். மெதுவாக வளரும் ஏதோ ஒன்று முதலில் கீழ் வேர்களையும் பிறகு மேல் வேரையும் நெருக்கியிருக்கலாம். அல்லது ஒரு பக்கம் வியர்க்காததை யாரும் கேட்கும்வரை அவர் கவனித்தே இருக்க மாட்டார், கேட்டதும் எப்போதுமே அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். நோயாளிகளிடம் பேசியவர்களுக்கு இரண்டாவது விளக்கம் பழக்கமானது.

சிவப்பு எனும் சிக்கல்

பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னார் 1852இல் முயலின் கழுத்துப் பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கக் காது சிவந்து சூடானது. அதே ஆண்டு பிரௌன்-செக்கார் வெட்டுண்ட நரம்பின் மேல்முனையை மின்சாரத்தால் தூண்டினார். காது வெளிறிக் குளிர்ந்தது. இரண்டையும் சேர்த்தால், வெட்டுவதற்கு முன் அந்த நரம்பு சும்மா இருக்கவில்லை என்பது புரியும். அது ஓயாமல், ஒரு மெல்லிய விகிதத்தில் துடித்து ரத்தக்குழாய்களை அளவாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. முயலுக்குப் பயமா, அமைதியா என்பதெல்லாம் பொருட்டில்லை. நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்பக்கம் இறங்குகிறது. மயங்கி விழாமல் இருப்பது இந்த இறுக்கம் அந்த நொடியே கூடுவதால். இது கெட்டுப்போனவர்களுக்கு, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ சரியும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் சிலர் காலையில் கட்டிலைவிட்டு எழும்போது தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெர்னாரின் முயலை வைத்துத்தான் ஹோர்னர் தன் நோயாளியைப் புரிந்துகொண்டார். நரம்பு செயலிழந்தது, குழாய்கள் தளர்ந்தன, கன்னம் சிவந்தது. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் மனித முகம் முயல் காது அல்ல. பீட்டர் டிரம்மண்டும் ஜேம்ஸ் லான்ஸும் 1987இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தில் முகம் சிவப்பதற்குப் பரிவு நரம்பே குழாய்களை விரித்துக்கொடுப்பதும் காரணம் என்று காட்டினார்கள். பரிவு நரம்பு சேதமான பக்கம் வெயிலில் சிவக்காமல் வெளிறியே நிற்கும். நல்ல பக்கம்தான் சிவக்கும். பிந்தைய ஆண்டு லான்ஸ் குழுவினர் ‘ஹார்லெக்வின்’ என்று பெயரிட்ட நிலை இதுதான். முகம் நடுக்கோட்டில் இரண்டாகப் பிரிந்தாற்போல் தெரியும்.

அப்படியானால் 1869இல் வலப்பக்கம் ஏன் சிவந்தது? ஹோர்னர் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டார் என்று சொல்ல முடியாது. வெப்பமானி வைத்து அளந்தவர் அவர். தவிர, அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863இல் சான்சலர்ஸ்வில் சண்டையில் வலக்கழுத்தில் குண்டடிபட்ட ஒரு வீரரைப் பற்றி அமெரிக்க மருத்துவர் வியர் மிட்சல் குழுவினர் 1864இலேயே எழுதியிருந்தார்கள். அவருக்கும் வலது இமை சரிந்து, வலது கண்பாவை சிறுத்து, வெயிலில் நடந்து வந்தபோது காயம்பட்ட வலப்பக்க முகமே சிவந்தது. ஆக இரண்டு தனித்தனிச் சாட்சிகள். ஒரு விளக்கம், இறுக்கும் இழைகள் மட்டும் போய், கன்னக் குழாய்களை விரிக்கும் எதிர்ப்பரிவு இழைகள் தடுப்பாரின்றி மேலோங்கின என்பது. சேதமான பக்கத்தில் எதிர்ப்பரிவு இழைகள் காலியான இடத்தில் புதிதாக முளைத்து, காரம் சாப்பிட்டால் அந்தப் பக்கம் மட்டும் சிவந்து வியர்ப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பேசும்போது சிவந்ததற்கும் அப்படி ஏதேனும் தொடர்பு இருந்திருக்கலாம். எது எப்படியோ, பாடநூல்கள் ‘சிவப்பும் சூடும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. புதிய சேதத்தில் சிவப்பு, நாள்பட்டதில் பெரும்பாலும் வெளிறல் என்றாவது எழுத வேண்டும்.

இன்று இவர் வந்தால்

முதலில் விளக்கை அணைத்துப் பார்ப்போம். இருட்டில் நல்ல கண்பாவை சில நொடிகளில் விரிந்துவிடும், மற்றது பத்துப் பதினைந்து நொடி இழுக்கும். இந்தத் தாமதத்தைக் கண்டாலே பாதி முடிவு கிடைத்துவிடும். பிறகு இரண்டு கண்ணிலும் அப்ராக்ளோனிடின் 0.5 சதவீதச் சொட்டு. நரம்பை இழந்த விரிதசை நாளாக ஆக மருந்துக்கு மிகை உணர்வு பெற்றிருக்கும். நல்ல கண்ணில் கண்பாவையை அசைக்காத அந்தச் சொட்டு இங்கே அதை விரித்து இமையையும் தூக்கிவிடும். சிறிய கண்பாவை பெரிதாகும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஆனால் சேதம் ஏற்பட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றலாம், மிகை உணர்வு உருவாக நேரம் வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தச் சொட்டு விடக்கூடாது; தூக்கமும் மூச்சுக் குறைவும் வரலாம்.

இவரைப் போன்று முகமும் சேர்ந்து வறண்டிருந்தால் மூளையிலிருந்து மார்பின் மேற்பகுதி வரை ஸ்கேன் எடுக்க வேண்டும், நுரையீரல் உச்சி தப்பாமல். பிலடெல்பியாவின் கதிரியக்க மருத்துவர் ஹென்றி பான்கோஸ்ட் 1924இலும் 1932இலும் எழுதிய புற்றுநோய் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தோள்பட்டை வலிக்காக மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் புகைபிடிப்பவரின் ஒரு பக்க இமை சரிந்திருந்தால், எலும்பு மருத்துவர் முதலில் தோளை விட்டுவிட்டு மார்புப் படத்தைப் பார்ப்பது நல்லது.

சில நேரம் மருத்துவர்களே இந்தக் குறிகளை வரவழைக்கிறார்கள். கழுத்தின் அடியில் உள்ள நட்சத்திர முடிச்சில் வலிக்காக மருந்து செலுத்தும் மயக்கவியல் மருத்துவர், இமை சரிந்து கண்பாவை சிறுத்ததும் ஊசி சரியான இடத்துக்குப் போனதாக எடுத்துக்கொள்வார். கை வியர்வைக்காக மார்புச் சங்கிலியை வெட்டும் அறுவை மருத்துவர் இரண்டாம் முடிச்சுக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்வதும் இதே இழைகளைக் காப்பாற்றத்தான். தோள் அறுவைக்குக் கழுத்தில் நரம்பு மரப்பூசி போட்டவர்களுக்கும், பிரசவ வலிக்கு முதுகில் எபிடூரல் போட்டவர்களுக்கும் சில மணி நேரம் இது வந்து போவதுண்டு. அதற்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம்.

இமைச்சரிவு மட்டும் நிலைத்துவிட்டால் ஒன்று அப்படியே விட்டுவிடலாம், அல்லது மியூலர் தசையைச் சற்றுக் குறுக்கி அறுவை செய்யலாம். அது அவசரம் இல்லாத விஷயம். வலியோடு திடீரென வந்த ஹோர்னர் குறிகள் அப்படியல்ல. அது கரோட்டிட் கிழிசலாக இருக்கக்கூடும். மூளைவாதம் வர வாய்ப்பு அதிகமாக இருப்பது முதல் சில நாட்களில்தான். அன்றைக்கே தமனிகளைப் படம் எடுத்தாக வேண்டும். கைக்குழந்தைக்கு, பிரசவக் காயம் எதுவும் இல்லாமல் இது தென்பட்டால் கழுத்து, மார்பு, வயிறு மூன்றையும் நியூரோபிளாஸ்டோமா கட்டிக்காகத் தேட வேண்டும். பரிவுச் சங்கிலியின் செல்களிலிருந்தே முளைக்கும் கட்டி அது.